எட்டு முப்பது

அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. அந்தப் போன்கிட்ட பேசுறதைக் கொஞ்சம் நிறுத்துங்களேன். ஆளுகிட்ட பேசுங்க, வேண்டாங்கலை. காதுல வச்சு பஸ்ஸே கேக்கப் பேசுங்க. இது நீங்க வாயால சொல்லச் சொல்ல அது எழுதிக்கிட்டே போகுதுல்லா, அதைப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. நீங்க "மாவு ஃப்ரிட்ஜ்ல இருக்கு"ன்னு சொன்னீங்க. அது "மாமா ஃப்ரிட்ஜ்ல இருக்கு"ன்னு எழுதியிருக்கு. நான் எட்டிப் பாக்கலை, கண்ணுல பட்டுச்சு. அழிச்சிட்டுத் திருப்பிச் சொல்லுங்க. வீட்டுல பயந்துரப் போறாங்க.

என் பேரா? ஆதின்னு வச்சுக்கோங்க. வயசு பதினேழு. படிப்பு இல்லை, நின்னாச்சு. பதினொண்ணாங் கிளாஸ் பாதியோட. திருநெல்வேலியில ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போறேன். சேலை செக்‌ஷன். தங்குறது, சாப்பாடு எல்லாம் கடைக்காரங்களே பாத்துக்குவாங்க. இந்தா இந்தப் பையிலதான் என் சாமான் மொத்தமும். இன்னைக்குச் சேந்துட்டா பொங்கல் வரைக்கும் ஊருப் பக்கம் விடமாட்டாங்களாம். நல்லதுதான். சங்கரன்கோவில்ல எனக்கு யாரு இருக்கா. அம்மா இருக்கா, அப்பா இருக்காரு, தம்பி இருக்கான். நான் அதைச் சொல்லலை.

செண்பான்னு ஒருத்தி, அவளைச் சொல்லுதேன். செண்பகவல்லி. ஆறாங் கிளாஸ்ல இருந்து என் பக்கத்துல உக்காந்தவ. எனக்கு அவ மேல பொறாமைன்னு தெருவே பேசுது. பொறாமைன்னா என்னக்கா? அவகிட்ட இருக்கிறது நமக்கு வேணும்னு நினைக்கிறது, அதுதான? அவகிட்ட இருக்கிற எதுவும் எனக்கு வேண்டாம். அவளே என்கிட்டதான் இருந்தா.

கணக்கு அவளுக்கு வரவே வராது. சத்தியமா. ஒன்பதாங் கிளாஸ்ல மைனஸும் மைனஸும் பெருக்கினா ஏன் ப்ளஸ்ஸுன்னு கேட்டு ஒரு வாரம் என் உயிரை எடுத்தா. அவளுக்கு நான்தான் எல்லாம். "ஏட்டி, இது எப்படிட்டி?"ன்னு இழுப்பா பாருங்க, அந்த ஏட்டிக்கே ஒரு நீளம் உண்டு. நான் சொல்லிக் குடுப்பேன். தப்பாச் சொன்னா தலையில நறுக்குன்னு ஒரு கொட்டு. கொட்டுனா உச்சியைத் தடவிக்கிட்டே சரியாச் சொல்லிருவா. அவளுக்கு மட்டுமில்லை, கடைசிப் பீரியடுல எங்க பெஞ்சைச் சுத்தி ஒரு கூட்டமே நிக்கும். கணக்கு மிஸ்ஸே, தன்கிட்ட கேக்க வந்தவளுகளை என்கிட்டதான் அனுப்புவாங்க. கொட்டு செண்பாவுக்கு மட்டும்தான். மத்தவளுகளை எதுக்குத் தொடணும்.

காலாண்டு முடிஞ்சதும் மிஸ் ஒரு ஆப்பைக் கொண்டாந்தாங்க. போன்ல போட்டுக்கிட்டு மைக்கை அமுக்கிச் சந்தேகம் கேக்கணும். நாம பேசுறதை அது எழுத்தா எழுதிக்கிடும், பிறகு பதிலை வாயாலயே சொல்லும். தமிழ்லயே சொல்லும். அதைச் சொல்லணும்லா, நல்லாத்தான் சொல்லும். ஆனா அதோட தமிழ் நம்ம தமிழ் இல்லை. செய்தி வாசிக்கிற தமிழ். செண்பா "சொல்லுட்டி"ன்னா, அது "சொல்லு சட்டி"ன்னு எழுதும். முதல்ல ரெண்டு பேரும் அதைப் பாத்து உருண்டு உருண்டு சிரிச்சோம். அப்போ ரெண்டு பேரும்தான் சிரிச்சோம், அதைக் குறிச்சுக்கோங்க.

தப்பாச் சொன்னா அது என்ன சொல்லும் தெரியுமா? "நல்ல முயற்சி." தப்புக்கு நல்ல முயற்சியாம். பத்து தடவை ஒரே தப்பைப் பண்ணினாலும் பத்து தடவையும் நல்ல முயற்சி. கோவமே வராது, கை வலிக்காது, பசிக்காது. எனக்குப் பசிக்கும். நான் வீட்டுக்குப் போகணும், தண்ணி பிடிக்கணும். அது எங்கயும் போகாது, அவ பாவாடைப் பாக்கெட்டுலயே கிடக்கும். இப்படி ஒண்ணோட நான் எப்படிக்கா போட்டி போட?

கொஞ்சம் கொஞ்சமா என் பெஞ்சைச் சுத்தி நின்ன கூட்டம் கரைஞ்சிருச்சு. எல்லாம் மூலைக்கு ஒண்ணா மைக்கை அமுக்கிக்கிட்டு நிக்கிறாளுக. செண்பா மட்டும் பக்கத்துல இருந்தா. இருந்தாளே தவிர, காதுல வயரு.

ஒருநாள் மிஸ் போர்டுல ஒரு கணக்குப் போட்டாங்க. ஒரு பெஞ்சுல அஞ்சு பிள்ளைங்க உக்காரணும். அதுல ரெண்டு பேரு பிரியவே கூடாது, பக்கத்துல பக்கத்துலதான் இருப்பாளுக. எத்தனை விதமா உக்கார வைக்கலாம்? அது என் கணக்கு. அந்த ரெண்டு பேரையும் ஒரு கயித்துல கட்டிப் போட்டு ஒரே ஆளா நினைச்சுக்கோன்னு செண்பாவுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான். நீயும் நானும்னு வச்சுக்கோட்டின்னு சொல்லித்தான் அவ மண்டையில ஏத்தினேன். எந்திரிச்சு நின்னு, இருபத்திநாலுன்னேன்.

பக்கத்துல இருந்து மெதுவா ஒரு குரல். "ஏட்டி, ரெண்டால பெருக்கணும்லா. அந்த ரெண்டு பேரும் இடம் மாறி உக்காரலாம்லா."

செண்பாதான். காதுல வயரோட. ஆப்பு சொல்லிக் குடுத்திருக்கு. நாப்பத்தெட்டு. மிஸ் அவளை நிக்க வச்சுக் கை தட்டச் சொன்னாங்க. எல்லாம் தட்டுச்சு. பின்னால ஒருத்தி, வாத்தியாரம்மா மாறிட்டாங்க போலன்னு சொன்னா. செண்பா சிரிச்சா. அவ என்னைப் பாத்துத்தான் சிரிச்சா, சந்தோசமாத்தான் சிரிச்சா, ஏட்டி எனக்கு வந்திருச்சு பாத்தியான்னு கேக்கிற மாதிரி. ஆனா அந்தச் சமயத்துல சிரிக்கலாமாக்கா? நீங்களே சொல்லுங்க.

மறுநாள் நான் ஸ்கூலுக்குப் போகலை. அதுக்காகப் போகலைன்னு இல்லை. படிப்பு பிடிக்கலை, அவ்வளவுதான். படிச்சு என்ன கிழிக்கப் போறோம், எல்லாம்தான் போனுக்குள்ள இருக்கேன்னு அம்மாகிட்ட சொன்னேன். அம்மா கத்தினா. நான் அசையலை.

சாயந்தரம் செண்பா வருவான்னு தலையைச் சீவிப் பூ வச்சு உக்காந்திருந்தேன். வந்தா. வந்தது நிசந்தான், நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா எதுக்கு வந்தா? எங்க இட்லிச் சட்டியைத் திருப்பிக் குடுக்க வந்தா. அம்மாகிட்ட நான் தூங்குறேன்னு சொல்லச் சொல்லிட்டேன். உண்மையிலயே பிரியம் உள்ளவ எழுப்பியிருக்க வேண்டாமா? சாயந்தரம் விளக்கு வைக்கிற நேரத்துல பூ வச்சுக்கிட்டு எவளாவது தூங்குவாளா? அது கூடத் தெரியலை, போயிட்டா. மறுநாள் "நோட்ஸ் அனுப்பட்டா?"ன்னு மெசேஜ் போட்டா. நான் வெறும் கட்டைவிரல் போட்டேன். கட்டைவிரல் போட்டா கோவம்னு அர்த்தம். ஆறு வருசம் பழகினவளுக்கு அது தெரியாதா? நோட்ஸை அனுப்பி வைக்கிறா, கூறுகெட்டவ.

கிளாஸ் வாட்ஸப் குரூப்புல இருந்து என்னை யாரும் எடுக்கவே இல்லை. எடுத்திருந்தாலாவது ஒரு மரியாதை. நான் பாட்டுக்கு உள்ள கிடந்து எல்லாத்தையும் பாத்துக்கிட்டு இருந்தேன். இப்போ சந்தேகம்னா எல்லாளும் செண்பாகிட்ட கேக்கா. அவ குரல்ல பேசிப் பேசி அனுப்புதா. "அந்த ரெண்டு பேரையும் ஒரு கயித்துல கட்டிப் போட்டுருங்கட்டி." கேட்டீங்களா? அது யாரு வார்த்தை? ஆப்பு அப்படிச் சொல்லாதுக்கா. ஆப்பு, "இருவரையும் ஓர் அலகாகக் கருதுக"ன்னுதான் சொல்லும். கயிறு என் கயிறு.

இதுல இன்னொரு குரூப்பு வேற. ஊரு ஊரா இருக்கிற பிள்ளைங்க ஆன்லைன்ல கூடிப் படிக்கிறாங்களாம். அதுல ஓசூர்ப் பய ஒருத்தன், ஆதர்ஷ்னு பேரு. செண்பா எது அனுப்பினாலும் அதுக்கு முதல் ஆளா கை தட்டுற பொம்மை போடுவான். அதை அவ எங்க குரூப்புல காட்டிப் பெருமை அடிச்சா. எனக்கு என்ன. தட்டட்டும்.

சரி, எட்டு முப்பதுக்கு வாரேன். அதுதான் விசயம்.

போன வாரம் என் ஜாமெட்ரி பாக்ஸைத் திருப்பி வாங்க அவ வீட்டுக்குப் போனேன். வேலைக்குப் போறவளுக்கு ஜாமெட்ரி பாக்ஸ் எதுக்குன்னு கேக்காதீங்க. என் பொருள், நான் வாங்குவேன். அவ அம்மா முன் ரூம்புல தையல் மிஷின்ல இருந்தாங்க. செண்பா கொல்லையில குளிச்சுக்கிட்டு இருந்தா. கட்டில்ல போன் திறந்தே கிடந்துச்சு. ஆப்பு. அவ பேசினதும் அது பேசினதும் எழுத்தா வரிசையா இருக்கு. நான் பாத்தேன். ஆமா, பாத்தேன். திறந்து கிடந்தா யாரும்தான் பாப்பாங்க.

முதல்ல கண்ணுல பட்டது, "எட்டு முப்பது வா." அவ சொன்னது. அதுக்கு அது, "எட்டு முப்பது மணிக்குத் தயாராக இருப்பேன்"ங்குது.

மேல தள்ளினேன். "எட்டு முப்பது இன்னும் கோவமா." அதுக்கு அது, கோபம் ஓர் இயல்பான உணர்வுன்னு ஒரு பாட்டம் பேசியிருக்கு. இன்னும் மேல போனா, "எட்டு முப்பது நீ இல்லாம ஒண்ணும் ஓடலை." அதுக்கு, "எட்டு முப்பது மணிக்கு ஓடும் பேருந்துகள் பற்றிய தகவல் என்னிடம் இல்லை." அதுக்கும் மேல, "எட்டு முப்பது தப்புன்னா கொட்டு." அதுக்கு அந்தச் சவம், தப்பும் கொட்டும் தமிழர்களின் தோல் இசைக்கருவிகள்னு பாடம் நடத்துது. பாக்கப் பாக்க எல்லா இடத்துலயும் எட்டு முப்பது. இங்கயும் எட்டு முப்பது, அங்கயும் எட்டு முப்பது.

உங்களுக்கு என்ன தோணும்? எனக்கும் அதான் தோணுச்சு. யாரையோ வரச் சொல்லுதா. பஸ்ஸு விசாரிக்கா. கொட்டு, மேளம்னு கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போகத் திட்டம் போடுதா. நீ இல்லாம ஓடலைன்னு எவனுக்கோ அனுப்புறதுக்கு முன்னாடி சொல்லிப் பழகிப் பாக்கா. இன்னொண்ணும் கவனிச்சேன். நம்ம ஊருல யாரு எட்டு முப்பதும்பா? எட்டரைன்னுதான் சொல்லுவோம். பால்காரர்ல இருந்து ஹெட்மிஸ்ட்ரஸ் வரைக்கும் எட்டரைதான். எட்டு முப்பதுன்னு பேசப் பழக்கிவிட்டது அந்த ஓசூர்க்காரனாத்தான் இருக்கணும். இதைக் கண்டுபிடிக்க ஆப்பு வேணுமா? மூளை போதும்.

ஈரத் தலையோட வந்தா. என்னைப் பாத்ததும் மூஞ்சி அப்படியே விரிஞ்சுச்சு. நான் கேட்டேன், "எட்டரைக்கு யாருட்டி வாரது?"

"எந்த எட்டரை?"ன்னு முழிச்சா. போனைத் தூக்கிக் காட்டுனேன். காட்டினா என்ன பண்ணணும்? பயப்படணும், அழணும். அவ சிரிக்காக்கா. வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கா. சிரிச்சுக்கிட்டே, "ஏட்டி, அது நீதான்ட்டி"ங்கா.

நானாம். எட்டு முப்பது நானாம். ஆறு வருசம் கூட இருந்தவளைப் பாத்து இப்படி ஒரு கிண்டல். இன்னும் என்னமோ சொல்ல வாயைத் திறந்தா. நான் விடலை. நீயும் உன் ஆப்பும் நாசமாப் போங்கன்னு சொல்லிட்டு முன் ரூம்புக்கு வந்தேன். அவ அம்மாகிட்ட, அத்தை, உங்க பிள்ளை எட்டரைக்கு எவனையோ வரச் சொல்லுதா, போனைப் பாத்துக்கோங்கன்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். நல்லதுக்குச் சொன்னேன். மிதிச்சுக்கிட்டு இருந்த மிஷின் அப்படியே நின்னுச்சு.

போனைப் பிடுங்கி பீரோவுல வச்சுப் பூட்டிட்டாங்களாம். பரீட்சை முடிஞ்சதும் ஸ்கூலை விட்டே நிறுத்திருவோம்னு அவ அப்பா குதிச்சாராம். அரையாண்டுக்கு அவ தனியாத்தான் படிக்கணும். ஆப்பும் கிடையாது, நானும் கிடையாது. அவ நம்பரை நான் ப்ளாக் பண்ணிட்டேன். எங்க அம்மா சொன்னா, செண்பா ரெண்டு தடவை வந்து வாசல்ல நின்னாளாம். ஜாமெட்ரி பாக்ஸைக் குடுத்துட்டுப் போயிருக்கா. நான் வெளிய வரலை. எட்டரைக்காரனைப் போய்ப் பாக்கச் சொல்லுன்னு உள்ள இருந்தே கத்தினேன். அந்த வாரமே இந்த வேலைக்குச் சொல்லி வச்சாச்சு. கதை முடிஞ்சது.

எனக்குச் சந்தோசம்தான்.

ஆமா, சந்தோசம்தான்னு சொன்னேன்லா. தூசிக்கா. ஜன்னல் பக்கம் தூசி.

பாருங்க, தேவர்குளம் தாண்டியாச்சு. நீங்க வீட்டுக்குச் சொல்லணும்னா சொல்லிக்கோங்க, என் பேச்சைக் கேட்டுக்கிட்டுப் பாவம் அப்பவே நிறுத்தினீங்க. மைக்கையே அமுக்கிக்கோங்க, நான் ஒண்ணும் சொல்லலை. கை வலிக்கத் தட்ட வேண்டாம்.

என்னது? செண்பா என்னை எப்படிக் கூப்பிடுவாளா? ஏன் கேக்கீங்க? ஆதின்னா? சே, அவ ஆதின்னு கூப்பிட மாட்டா. அது நானா வெளிய சொல்லிக்கிடுற பேரு. சொன்னா நீங்க சிரிக்கக் கூடாது. எங்க குலதெய்வம் பேரை வச்சுத் தொலைச்சுட்டாங்க. முப்புடாதி. கிளாஸ்ல நான் ஒருத்திதான் முப்புடாதி. அதுல பாதியை வெட்டிட்டு அவ மட்டும் ஒரு மாதிரி கூப்பிடுவா. தெரு முனையில இருந்தே கத்திக்கிட்டு வருவா. ஏட்டி முப்புடு. ஏட்டி முப்புடு. இப்படித்தான். விடுங்க அதை.

என்ன, போனைக் காட்டுதீங்க? மைக்கு அமுக்கித்தான் இருந்துச்சா? என் பேச்சையும் சேத்து எழுதிருச்சா? அழிச்சிருங்க, உங்க வீட்டுக்காரரு குழம்பிரு...

எங்க.

இங்க குடுங்க.

"எட்டு முப்பது. எட்டு முப்பது. இப்படித்தான்."

அக்கா, இருங்க. பேசாதீங்க, கொஞ்சம் பேசாம இருங்க.

எட்டு முப்பது வா.

எட்டு முப்பது இன்னும் கோவமா.

எட்டு முப்பது நீ இல்லாம ஒண்ணும் ஓடலை.

அய்ய. தப்புன்னா கொட்டு. அக்கா, அவ தப்புன்னா கொட்டுன்னு என்னைக் கேட்டிருக்கா. மேளத்தையா கேட்டா. தலையைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கா, அந்தச் சவம் தோல் இசைக்கருவிங்குது.

கண்டக்டரண்ணே. அண்ணே, இங்கன யாராவது இறங்கணும்னு சொன்னாங்களா? இல்லையா? நான் இறங்கணும். மானூருக்கு முன்னாடி எங்க நின்னாலும் பரவாயில்லை. டிக்கெட் திருநெல்வேலிக்கு எடுத்ததுதான், இருக்கட்டும்ண்ணே, மிச்சத் தூரத்துக்குக் காசு திருப்பித் தர வேண்டாம்.

அக்கா, அந்தப் பையைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க. சிரிக்காதீங்க. நான் அவகிட்ட மன்னிப்புக் கேக்கப் போறேன்னு நினைச்சீங்களாக்கும்? அதெல்லாம் வராது எனக்கு. முதல்ல அவ அம்மாகிட்ட போகணும். அத்தை, எட்டரையும் இல்லை, எவனும் இல்லை, எட்டு முப்பது நான்தான்னு சொல்லி அந்தப் பீரோவைத் திறக்க வைக்கணும். நம்ப மாட்டாங்க. மைக்கை அமுக்கி அவங்க முன்னாடியே கத்திக் காட்டணும். அது எழுதும்லா, நம்ம தமிழ் தெரியாத மூதி, கண்டிப்பா அப்படித்தான் எழுதும்.

அது முடியட்டும், பிறகு இருக்கு அவளுக்கு. எத்தனை பேரு இருக்கு உலகத்துல. மலர்னு வைக்கலாம், ராணின்னு வைக்கலாம். போயும் போயும் ஒரு மிஷினைப் போய் முப்புடுன்னு கூப்பிட்டிருக்கா. அதுக்குப் பசிக்குமா, கை வலிக்குமா? பூ வச்சுக்கிட்டு அவளுக்காகக் காத்துக் கிடந்திருக்குமா? என் பேரைச் சுமக்க அதுக்கு என்ன தகுதி இருக்கு? அந்தப் பேரைத் திருப்பி வாங்காம விடமாட்டேன்.

சரிக்கா, வாரேன். பஸ்ஸு நிக்குது. எதிர்ப் பக்கம் சங்கரன்கோவில் வண்டி எப்படியும் வரும்.

போனதும் அவ உச்சந்தலையில ஒண்ணு வைக்கணும், நறுக்குன்னு. அவதான கேட்டா. எத்தனை நாளாக் கேட்டுக்கிட்டே இருந்திருக்கா.